கடல் கொண்ட ஈஸ் நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டனிப் பகுதியில், ஈஸ் என்று ஒரு செல்வ நகரம் இருந்ததாகவும் ஒரே இரவில் அதைக் கடல் கொண்டுபோனதாகவும் பல நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சுருக்கமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் "கெட்ட இளவரசி ஒருத்தி ஊரையே அழித்தாள்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதையின் பழைய வடிவங்களைத் தேடிப் படித்தால், அழிவு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊருக்குள் இருட்டு இருந்தது தெரியும். இந்தக் கதையைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஈஸ் எங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள்?

பெரும்பாலான கதைகள் காட்டும் இடம் துவார்னனே விரிகுடா. அட்லாண்டிக் கடல் நிலத்துக்குள் புகுந்து வளைந்து நிற்கும் இடம் அது. அந்த வட்டாரத்துக்குக் கோர்னுவாய் என்று பெயர். அதை ஆண்ட அரசன் கிராட்லோன்; அவன் தலைநகர் கெம்பேர். கடல்மேல் ஆசை கொண்ட மகள் தாஹுத்துக்காக அவன் கடலோரத்தில் கட்டிக் கொடுத்த நகரம்தான் ஈஸ் என்று சில கதைகள் சொல்கின்றன. வேறு சில கதைகளில் நகரம் முன்பே இருக்கிறது, அரசன் அங்கே போய்க் குடியிருக்கிறான்.

கடலைவிடத் தாழ்வான இடத்தில் ஊர் எப்படி இருக்க முடியும்?

கடலணை கட்டினால் முடியும். ஈஸைச் சுற்றி அப்படி ஓர் அணை, அதில் ஒரு மதகு. ஓதம் (தினமும் ஏறி இறங்கும் கடல்நீர்) வற்றும்போது மதகைத் திறந்தால் ஊரின் தண்ணீர் வெளியே போகும், கப்பல்களும் போய்வரும். ஓதம் ஏறும்போது மூடிவிட வேண்டும். இதில் மாயம் எதுவும் இல்லை. தாழ்நிலத்தைக் கடலிலிருந்து மீட்டுக் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் பிரிட்டனிக் கரையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை. பெரிய ஓத நாட்களில் அங்கே கடல் ஆறு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். இரண்டு மாடி உயரத் தண்ணீர் தினமும் இரண்டு தடவை கதவுக்கு வெளியே வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவின் ஒரே சாவி கிராட்லோனின் கழுத்தில் தொங்கியது. இரவும் பகலும் அதை அவன் கழற்றுவதில்லை.

இந்த ஏற்பாட்டை யோசித்தால் எனக்குப் பகீர் என்கிறது. ஓர் ஊரின் மொத்த உயிரும் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரின் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. இது போதுமா என்று கதையில் ஒருவர்கூடக் கேட்பதில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். கிராட்லோன் கிறிஸ்தவன் ஆகிவிட்டான். மகள் பழைய வழியிலேயே இருக்கிறாள். ஊரில் விருந்தும் ஆட்டமும் ஓய்வதில்லை. கெனோலே என்ற துறவி வந்து, இது நல்லதுக்கு இல்லை என்று எச்சரிக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் இரவு, தூங்கும் தகப்பன் கழுத்திலிருந்து தாஹுத் சாவியை எடுக்கிறாள். காதலனுக்காக எடுத்தாள் என்பது ஒரு வடிவம். சிவப்பு உடையில் வந்த அந்நியன் ஒருவன் கேட்டான், அவன் உண்மையில் சாத்தான் என்பது இன்னொரு வடிவம். மதகு திறக்கிறது. ஓதம் ஏறிக்கொண்டிருக்கிறது.

கெனோலே அரசனை எழுப்புகிறார். அரசன் மோர்வார்க் என்ற தன் குதிரையில் ஏறி, மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓடுகிறான். அலை துரத்துகிறது, குதிரை நகரத் திணறுகிறது. "பின்னால் இருக்கிற பேயைத் தள்ளிவிடு" என்கிறார் துறவி. அரசன் மகளைத் தள்ளிவிடுகிறான். கடல் அத்தோடு நின்றுவிடுகிறது, அவன் கரையேறுகிறான். தாஹுத் கடற்கன்னி ஆகிவிட்டாள் என்று மீனவர்கள் சொல்வார்கள்.

அமைதியான ஊருக்கு அடியில் இருந்த இருட்டு எது?

எல்லாரும் தாஹுத்தின் முகமூடிக் கதையைக் காட்டுவார்கள். அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன். முதலில் தெருவைப் பார்ப்போம்.

எமில் சுவெஸ்த்ர் என்ற பிரிட்டனி எழுத்தாளர் 1844இல் நாட்டார் கதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அதில் உள்ள ஈஸ் கதையில் தாஹுத் சூனியம் தெரிந்தவள். கடல் நாகங்களைப் பழக்கி, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள். அவர்கள் அதன்மேல் ஏறிப் போய்க் கடல் கடந்து செல்வம் கொண்டுவருகிறார்கள், பகைவர் கப்பல்களையும் அதை வைத்தே எட்டிப் பிடிக்கிறார்கள். தானியத்தை வெள்ளிக் கிண்ணத்தால் அளக்கும் அளவுக்கு ஊரில் பணம். அந்தப் பணம் அவர்கள் மனதை இறுக்கிவிட்டது. பிச்சை கேட்டு வருகிறவர்களை மிருகத்தை விரட்டுவதுபோல ஊருக்கு வெளியே விரட்டுகிறார்கள். தேவாலயத்துக்குப் போகிறவர் யாரும் இல்லை. அதன் சாவியை வேலையாள் எங்கோ தொலைத்துவிட்டான், வாசற்படியில் முட்செடி முளைத்துக் கிடக்கிறது.

அந்தச் சின்ன விவரத்தில்தான் எனக்குக் கதை பிடிபட்டது. தொலைந்த சாவியைத் தேட வேண்டும் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசலில் செடி வளரும் அளவுக்கு நாள் ஆகியிருக்கிறது, அத்தனை நாளும் எல்லாரும் அதைக் கடந்துதான் போயிருக்கிறார்கள். செல்வம் எங்கிருந்து வந்தது, யாருடைய கப்பல் அது, விரட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் அப்படியே கடந்து போயிருக்கிறார்கள். ஈஸின் அமைதி அப்படி வந்த அமைதி. பட்டினி கிடப்பவன் மதிலுக்கு வெளியே போய்விட்டால் உள்ளே முனகல் சத்தம் கேட்காது. நாகத்தைக் கொடுத்தவள் தாஹுத் என்றாலும், அதன்மேல் ஏறிப் போனவர்கள் ஊர்க்காரர்கள்.

முகமூடிக் கதை என்றால் என்ன?

தாஹுத்தைத் தேடி இரவில் வருகிறவனுக்கு ஒரு மாய முகமூடி தரப்படும். அதைப் போட்டுக்கொண்டால் யார் கண்ணிலும் படாமல் அவள் இருக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். விடியும் நேரத்தில் அவன் விடைபெறும்போது முகமூடியில் உள்ள விசைகள் மூடிக்கொண்டு கழுத்தை நெரித்துவிடும். ஓர் ஆள் அந்தப் பிணத்தைக் குதிரையில் போட்டு எடுத்துப்போய், உள்நாட்டில் ஹுவெல்கோவாட் பக்கம் உள்ள ஒரு படுகுழியில் எறிந்துவிடுவான். ஹுவெல்கோவாட் காட்டில் பாறைகளுக்கு நடுவே ஆறு விழும் ஒரு பள்ளத்தை இன்றும் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் காட்டுகிறார்கள். இரவில் அங்கே கேட்கும் ஓலம் அந்தக் காதலர்களுடையது என்று சொல்வார்கள்.

பயங்கரமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாலிபர்கள் வரிசையாகக் காணாமல் போகிறார்கள். பிணம் ஏற்றிய குதிரை ஊர்வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். காவலர் இருக்கிறார்கள், அரசன் இருக்கிறான், காணாமல் போனவர்களின் தாய் தகப்பன் இருக்கிறார்கள். யாரும் கேட்டதாகக் கதையில் ஒரு வரி இல்லை.

அப்படியானால் தாஹுத் குற்றவாளி இல்லையா?

அவள் நிரபராதி என்று நான் வாதாடவில்லை. கேள்வி, அவள் எப்போது கதைக்குள் வந்தாள் என்பது.

9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லாந்தெவெனெக் மடத்தின் தலைவர் குர்திஸ்தன் கெனோலேயின் வாழ்க்கையை லத்தீனில் எழுதினார். அதில் அரசன் கிராட்லோன் வருகிறான், துறவியோடு பேசுகிறான். ஈஸ் இல்லை, வெள்ளம் இல்லை, மகள் இல்லை. பிறகு 1500ஐ ஒட்டிய காலத்தில் வரலாற்றாசிரியர் பியேர் லெ போ, குடிமக்கள் செய்த பாவத்தால் ஈஸ் நகரம் மூழ்கியது என்று எழுதுகிறார். இங்கே பாவம் ஊருடையது, மொத்தப் பேருடையது. 1637இல் பிரிட்டனிப் புனிதர்களின் வரலாறுகளைத் தொகுத்த துறவி ஆல்பர் லெ கிரானிடம் வரும்போது தாஹுத் வந்துவிடுகிறாள். வெட்கம் கெட்டவள், தகப்பனின் சாவியைத் திருடியவள் என்ற பெயரோடு வருகிறாள். 1839இல் லா வில்மார்கே வெளியிட்ட பிரிட்டனிப் பாடல் தொகுப்பில் காதலன் தெளிவாக வந்து சேர்கிறான். 20ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையைத் திரும்பச் சொன்னவர்கள் வடதேசத்து அரசி ஒருத்தியை அவளுக்குத் தாயாக்கி, கடலிலேயே அவளைப் பிறக்க வைத்துவிட்டார்கள்.

அதாவது ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்த பழி, நூற்றாண்டு நூற்றாண்டாகச் சுருங்கி ஒரே ஒரு பெண்ணின் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. கதை சொல்ல வசதியான ஏற்பாடு. கேட்கிறவர் யாரும் நெளிய வேண்டாம். பிச்சைக்காரரை விரட்டிய வணிகனும், கேள்வி கேட்காத காவலனும், மகள் செய்வதைக் கண்டும் காணாமல் இருந்த அரசனும் ஒரே தள்ளலில் விடுதலை ஆகிவிடுகிறார்கள். அரசன் உயிர் பிழைத்து, கெம்பேரில் புண்ணியவானாக ஆண்டு முடித்ததாகக் கதை போகிறது. எனக்கு ஆற்றாமையாக இருக்கும் இடம் அது.

எவரிஸ்ட் லுமினே 1884 வாக்கில் இந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். கெம்பேர் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுரைக்கு நடுவே இரண்டு குதிரைகள். ஒன்றில் துறவி, மற்றதில் அரசன். தாஹுத் அலையில் சரிந்துகொண்டிருக்கிறாள், அவளை விலக்கும் கை தகப்பனுடையது. அதைப் பார்த்துவிட்டு ‘நீதி நடந்தது’ என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

கெனோலேயும் கிராட்லோனும் நிஜ மனிதர்களா?

கெனோலே லாந்தெவெனெக் மடத்தை நிறுவியவராகப் போற்றப்படுகிறார்; மரபு சொல்லும் ஆண்டு 485. மடம் நிஜம். 913இல் வைக்கிங்குகள் அதைச் சூறையாடினார்கள். கிராட்லோன் என்ற பெயரில் ஓர் அரசன் இருந்திருக்கலாம்; ஈஸ் கதையில் வருகிற கிராட்லோன் கதையின் பிள்ளை.

கெம்பேரின் சேன் கொரந்தேன் பேராலயத்தில், இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே குதிரைமேல் அவன் சிலை இருக்கிறது. பழைய சிலையைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793இல், உடைத்துவிட்டார்கள். இப்போதிருப்பது 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. பழைய சிலைக்கு அழகான வழக்கம் ஒன்று இருந்தது. புனித செசிலியா நாளான நவம்பர் 22 அன்று ஒருவர் மேலே ஏறி, குதிரையில் அரசனுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒயினை அவனுக்கு நீட்டுவார். பிறகு தானே குடித்துவிட்டு, அரசனின் வாயைத் துடைத்துவிட்டு, காலிக் கிண்ணத்தைக் கீழே கூட்டத்துக்குள் எறிவார். உடையாமல் பிடிப்பவருக்குப் பரிசு உண்டு.

உண்மையிலேயே அங்கே ஒரு நகரம் மூழ்கியிருக்கிறதா?

ஈஸ் என்று சொல்லத்தக்க நகரம் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கடல் ஏறி நிலத்தைக் கொண்டது பொய் இல்லை. பனியுகம் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கடல்மட்டம் ஏறி, பிரிட்டனியின் கரை உள்ளே தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. தெற்கே மோர்பியான் வளைகுடாவில் எர் லானிக் என்ற குட்டித் தீவில் புதிய கற்கால மனிதர்கள் நட்ட கல்வட்டங்கள் இருக்கின்றன. நட்டபோது அது உலர்ந்த நிலம். இன்று ஒரு வட்டத்தின் பாதி கரையில், மீதி தண்ணீரில்; பக்கத்து வட்டம் கடலுக்குள்.

2025 கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. பிரிட்டனியின் மேற்கு முனைக்கு அப்பால் உள்ள செய்ன் தீவுக்கு அருகே, சுமார் 9 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள கற்சுவர் ஒன்றை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வயது ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மீன் பிடிக்கும் அணையாக இருக்கலாம், கடலைத் தடுக்கக் கட்டியதாகவும் இருக்கலாம். நிலம் போன நினைவு தலைமுறை தலைமுறையாக வந்து ஈஸ் ஆகியிருக்குமோ என்ற கேள்வியை அவர்களே எழுப்பினார்கள். ஏழாயிரம் ஆண்டு வாய்வழியாக ஒரு நினைவு தங்குமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஓதம் வற்றும் நாட்களில் வெளியே தெரிகிற கற்களையும் மரக்கட்டைகளையும் பார்த்துப் பிற்காலத்தவர் கதை கட்டியிருப்பார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

விரிகுடாக் கரையில் செல்வம் இருந்ததற்கும் சாட்சி உண்டு. துவார்னனேவை ஒட்டிய பிளோமார்க் என்ற இடத்தில் ரோமர் காலத்து மீன் உப்பிடும் தொட்டிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாகத் தொட்டிகள். மீனை உப்போடு ஊறவைத்துச் சாறு எடுத்து அனுப்பிய தொழிற்கூடம். ரோமர் போன பிறகு இடிந்து கிடந்த சுவர்களைப் பார்த்த மக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினம் இல்லை.

நம் பூம்புகாருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. இரண்டும் தனித்தனியாகப் பிறந்த கதைகள். மணிமேகலையில் சோழ அரசன் மகனை இழந்த துயரத்தில் இந்திர விழாவை எடுக்க மறக்கிறான், புகாரைக் கடல் கொள்கிறது. அங்கே தவறு அரசனுடையது.

வேறு ஊர்களிலும் இப்படிக் கதை உண்டா?

வேல்ஸ் நாட்டின் கார்டிகன் விரிகுடாவில் கான்த்ரெர் குவைலோத் என்ற மூழ்கிய நிலத்தைப் பற்றிய கதை இருக்கிறது. அங்கேயும் கடலணை, மதகு. பிற்காலக் கதையில் மதகைக் காக்க வேண்டிய செய்தெனின் குடித்துவிட்டுக் கிடக்கிறான், கடல் உள்ளே வருகிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டுச் சுவடியில் உள்ள பழைய பாட்டு, நீரைத் திறந்துவிட்ட ஒரு பெண்ணைச் சபிக்கிறது. வேல்ஸில் பழி பெண்ணிடமிருந்து குடிகார ஆணுக்கு நகர்ந்தது, பிரிட்டனியில் ஊரிடமிருந்து பெண்ணுக்கு நகர்ந்தது. கதை ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தக் கரையில், போர்த் என்ற ஊருக்கு அருகே, பழங்காட்டின் அடிமரங்கள் ஓதம் வற்றும்போது வெளியே தெரியும். 2014 புயல்களில் மணல் அரித்துப் போய் இன்னும் நிறைய வெளியே வந்தன.

மூழ்கிய பிறகு ஊர் என்ன ஆனது?

மீனவர்களின் கதைகளில் அது சாகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அனத்தோல் லெ பிராஸ் என்பவர் பிரிட்டனி மக்களிடமிருந்து மரணத்தைப் பற்றிய கதைகளைத் திரட்டினார். அவற்றில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை.

ஒன்று: ஒரு படகின் நங்கூரம் அடியில் எதிலோ மாட்டிக்கொள்கிறது. ஒருவன் கயிற்றைப் பிடித்து மூழ்கிப் பார்த்தால், அது தேவாலயம் ஒன்றின் சன்னலில் சிக்கியிருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது, ஆலயம் நிறைய நல்ல உடை உடுத்திய மக்கள். பூசைக்கு மறுமொழி சொல்ல ஒருவர் வேண்டும் என்று பாதிரியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் மேலே வந்துவிடுகிறான். நீ பதில் சொல்லியிருந்தால் ஊர் முழுக்க மீண்டு எழுந்திருக்கும் என்று பிறகு அவனிடம் சொல்கிறார்கள்.

இன்னொன்று: சமைக்கக் கடல்தண்ணீர் மொள்ள வந்த ஒரு பெண்ணின் முன்னால் திடீரென்று பெரிய வாசல் ஒன்று திறக்கிறது. உள்ளே போனால் வெளிச்சமான தெரு, இரண்டு பக்கமும் கடைகள், விலை உயர்ந்த துணிகள். கடைக்காரர்கள் எல்லாரும் ‘வாங்கிக்கொள்ளுங்கள், ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று கெஞ்சுகிறார்கள். என்னிடம் ஒரு காசுகூட இல்லையே என்கிறாள் அவள். ஒரே ஒரு காசுக்கு நீ வாங்கியிருந்தால் எங்களை எல்லாம் மீட்டிருப்பாய் என்கிறார்கள். ஊர் மறைந்துபோகிறது.

சுவெஸ்த்ரின் கதையோடு இதைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கையில் காசில்லாதவர்களை விரட்டிய ஊர், இப்போது காசில்லாத ஏழைப் பெண் ஒருத்தியிடம் கெஞ்சி நிற்கிறது. இந்த இரண்டு கதைகளிலும் தாஹுத் இல்லை. கணக்குத் தீர்க்க வேண்டியவர்களாக ஊர்க்காரர்கள்தான் நிற்கிறார்கள். பாமர மக்கள் சொன்ன வடிவத்தில் பழி இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இசையிலும் நாடகத்திலும் ஈஸ் வருகிறதா?

வருகிறது. எதுவார் லாலோவின் ‘ஈஸ் நகர அரசன்’ என்ற ஓபரா 1888இல் பாரிஸில் அரங்கேறியது. கதையை நிறைய மாற்றியிருக்கிறார். குளோது தெபுஸி 1910இல் வெளியிட்ட ‘மூழ்கிய பேராலயம்’ என்ற பியானோ இசை ஈஸின் மணியோசையை மனதில் வைத்து எழுதியது. ஆறேழு நிமிடம்தான், முதலில் அதைக் கேளுங்கள்.

நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

கெம்பேரில் சிலையையும் லுமினேயின் ஓவியத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அங்கிருந்து துவார்னனே வெகு தூரம் இல்லை. பிளோமார்க் தொட்டிகள் கடலைப் பார்த்த சரிவில் இருக்கின்றன, நடந்தே போகலாம். துவார்னனே மத்தி மீன் தொழிலுக்குப் பேர்போனது. 1924 நவம்பரில் மத்தி டப்பா ஆலைகளில் வேலை செய்த பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கி, 1925 ஜனவரியில் வென்றார்கள். கேட்டது மணிக்கு 1.25 பிராங்க், கிடைத்தது 1 பிராங்க். அந்த விரிகுடாவின் பெண்களைப் பற்றி யாராவது பேசினால் தாஹுத்தோடு இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

கடற்கரையில் இறங்குவதற்கு முன் அன்றைய ஓத நேரப் பட்டியலைப் பாருங்கள். சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். ஓதம் வற்றத் தொடங்கும்போது போய், ஏறத் தொடங்குவதற்குள் மேலே வந்துவிடுங்கள். சில பாறைத் திட்டுகளுக்குத் திரும்பும் வழி சீக்கிரம் மூடிவிடும்.